பாரசீக வெள்ளிக் காசுகள் பகரும் வரலாறு

ஈரான் நாட்டின் தென்மேற்கே, பார்ஸ் மாநிலத்தில், பிஷாப்பூர் என்னும் பழம்பதி ஒன்று உண்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் ஷாப்பூர் என்னும் பேரரசர் எடுப்பித்த நகரம் அது. அந்நகரை அடுத்துள்ள மலையிடுக்கில், ஆறு பாயும் வழியின் இருமருங்கும் நிற்கும் பாறைகளில், சாசானிய வேந்தர்களின் புடைப்புச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றில், குதிரைமேல் அமர்ந்த அரசர் ஒருவர், எதிரே தாமும் குதிரைமேல் வரும் அகுரமஸ்தா என்னும் இறைவனிடமிருந்து அரசுரிமையின் அடையாளமாகிய வளையத்தைப் பெற்றுக்கொள்கிறார். அருகே பொறிக்கப்பட்ட எழுத்துகள் அவ்வரசரின் பெயரை நர்சே என்று கூறுகின்றன.

ஆனால், சிற்பத்தில் உள்ள அரசர் அணிந்திருப்பது நர்சேயின் முடியன்று. கதிரவனின் கதிர்களைப் போலக் கூர்முனைகள் மேல்நோக்கி எழும் அம்முடி, நர்சேயின் மூத்த உடன்பிறந்தாராகிய முதலாம் பஹ்ராமுக்கு உரியது. கி.பி. 271 முதல் 274 வரை ஆண்டவர் பஹ்ராம். அவர்தம் பேரனிடமிருந்து 293-இல் அரியணையைக் கைப்பற்றியவர் நர்சே. ஆட்சியைக் கைப்பற்றியவர், அண்ணனின் வெற்றிச் சிற்பத்தையும் தமதாக்கிக்கொள்ள விரும்பினார் போலும். பெயரை மாற்றிப் பொறிக்கச் செய்தார், முடியை மாற்றவில்லை.

இவ்வுண்மையை இன்று உலகிற்கு உணர்த்துவது எது? நூலோ, ஓலையோ அன்று. கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய வெள்ளிக் காசு ஒன்று. பஹ்ராம் வெளியிட்ட காசில் அவருடைய பெயரும் உண்டு, முகமும் உண்டு, கதிர்முடியும் உண்டு. கல்லில் பெயரை மாற்றிய கை, ஆயிரக்கணக்கான மக்களின் கைகளில் புழங்கிய காசுகளை மாற்ற இயலவில்லை. ஒரு காசு எத்துணை வலிய சாட்சியாக நிற்கவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிறர் எழுதிய வரலாறு

பாரசீகப் பேரரசர்களின் வரலாற்றைக் கற்கப் புகுவோர் முதலில் சந்திக்கும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. அவர்களைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதியவர்களுள் பெரும்பாலோர் அவர்தம் பகைவர்கள். அக்கிமெனியப் பேரரசைப் பற்றி எழுதியோர் எரோதோத்தசு, செனபோன் முதலிய கிரேக்கர்கள். பார்த்தியரைப் பற்றி எழுதியோர் அவர்களோடு போரிட்ட உரோமர்கள். சாசானியரின் போர்களை விரித்துரைத்தவர்களுள் ஒருவர் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியசு. பேரரசர் தாரயவு பெஹிஸ்தூன் மலையில் மூன்று மொழிகளில் தம் வெற்றிகளைப் பொறித்தார் என்பது உண்மை. எனினும், அத்தகைய கல்வெட்டுகள் மிகச் சிலவே. சாசானியர் தொகுத்த அரசர் வரலாற்று நூலும் மூல வடிவில் கிடைக்கவில்லை. அதன் செய்திகள் பிற்கால அரபு நூல்களிலும், கி.பி. 1010 அளவில் பிர்தௌசி நிறைவுசெய்த ‘ஷாநாமா’விலும் கலந்து நிற்கின்றன.

இந்நிலையில், அவ்வேந்தர்கள் தாமே பேசிய குரலாக எஞ்சி நிற்பவை அவர்தம் காசுகள். தம்மை எவ்வாறு பிறர் காண வேண்டும் என்று ஓர் அரசர் எண்ணினாரோ, அவ்வாறே தம் உருவைக் காசில் வெட்டுவித்தார். ஆகவே, பாரசீக வெள்ளிக் காசுகளைத் திரட்டுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. அது, வழக்கொன்றில் இதுவரை பேசாதிருந்த தரப்பினரின் வாக்குமூலத்தைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

வில்லேந்திய வேந்தர்

காசு அடிக்கும் கலையைப் பாரசீகர் தாமே தோற்றுவித்தாரல்லர். இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்த இலிதியா நாட்டினரிடமிருந்து அவர்கள் அதனைக் கற்றனர். இலிதியாவின் அரசர் குரோசசு பொன்னிலும் வெள்ளியிலும் காசு வெளியிட்டார். கி.மு. 546 அளவில் பேரரசர் சைரசு அந்நாட்டை வென்றார். வென்ற பின்னரும், சிங்கமும் எருதும் எதிரெதிரே நிற்கும் குரோசசின் காசுகளே சார்திசு நகர அக்கசாலையில் தொடர்ந்து அடிக்கப்பெற்றன. தோற்றவர் பெயரால் வழங்கிய காசை வென்றவர் உடனே ஒழித்துவிடவில்லை. மக்கள் நம்பிய காசை மாற்றுவது, மண்ணை வெல்வதினும் கடினம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பாரசீகருக்கே உரிய காசு, கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட முதலாம் தாரயவின் காலத்தில் தோன்றியது. பொற்காசு ‘தாரிக்’ எனப்பட்டது; எடை ஏறத்தாழ 8.4 கிராம். வெள்ளிக்காசு ‘சிக்லோஸ்’ எனப்பட்டது. எடை ஏறத்தாழ 5.5 கிராம். இருபது வெள்ளிக்காசு ஒரு பொற்காசுக்கு ஈடாகும். இவற்றின் தலைப்பக்கத்தில் முடியணிந்த வில்லாளர் ஒருவர் காட்சியளிக்கிறார். முதல் வகைக் காசில் அவர் வில்லையும் அம்புகளையும் ஏந்தி இடைக்குமேல் மட்டும் தோன்றுகிறார். இரண்டாம் வகையில் முழந்தாளிட்டு வில்லை வளைக்கிறார். மூன்றாம் வகையில் ஒரு கையில் வில்லும் மறுகையில் ஈட்டியும் கொண்டு விரைகிறார். நான்காம் வகையில் ஈட்டிக்குப் பதிலாகக் குத்துவாள் இடம்பெறுகிறது. பின்பக்கத்தில் உருவம் ஏதுமில்லை. காசை அடிக்கும்போது தாங்கிய உளியின் பள்ளம் மட்டுமே உண்டு. எழுத்து ஒன்றுகூட இல்லை.

பெயரில்லாத இக்காசுகளின் காலத்தை ஆய்வாளர்கள் எங்ஙனம் அறிந்தனர்? ஈண்டுதான் காசு கிடைத்த இடத்தின் அருமை விளங்குகிறது. 1933-ஆம் ஆண்டில் பெர்சிப்பொலிசு நகரில் தாரயவு கட்டிய அபதானா என்னும் பேரவை மண்டபத்தின் அடித்தளத்தை அகழ்ந்தபோது, கற்பேழைகள் இரண்டு வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் பொன்னேடு ஒன்றும் வெள்ளியேடு ஒன்றும் இருந்தன. அவற்றின் அடியில் குரோசசு வகைப் பொற்காசுகளும் கிரேக்க நகரங்களின் வெள்ளிக்காசுகளும் வைக்கப்பட்டிருந்தன. வில்லாளர் காசு ஒன்றுகூட அங்கு இல்லை. அரசரே அடிக்கல் நாட்டும்போது அரசருடைய காசு இடம்பெறவில்லையெனில், அது அப்போது பிறந்திருக்கவில்லை என்னும் முடிவுக்கு ஆய்வாளர் பலர் வந்தனர். அதே நகரில் கிடைத்த களிமண் வில்லை ஒன்று மறுமுனையைக் காட்டியது. தாரயவின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 500 அளவில் எழுதப்பெற்ற அவ்வில்லையின்மேல், வில் வளைக்கும் வேந்தர் காசு அழுத்திய தடம் பதிந்திருந்தது. இவ்விரு சான்றுகளுக்கும் இடையே அக்காசின் பிறப்புக் காலம் அடங்கிவிட்டது.

பல சிக்லோஸ் காசுகளில் சின்னஞ்சிறு முத்திரைகளும் வெட்டுத்தடங்களும் காணப்படுகின்றன. அவை காசு மாற்றும் வணிகர்கள் இட்டவை. மேலே வெள்ளி பூசி உள்ளே செம்பை மறைத்த கள்ளக்காசுகள் அன்றே இருந்தன. ஆகவே, வணிகர் காசை வெட்டிச் சோதித்து, நல்லதெனக் கண்டபின் தம் முத்திரையை இட்டனர். அரசரின் உருவம் இருந்தும், உரைத்துப் பார்க்காமல் அவர்கள் ஏற்கவில்லை.

வில்லாளர் காசுகள் போர்க்களத்திலும் தம் வலிமையைக் காட்டின. கி.மு. 394-இல் சிற்றாசியாவில் பாரசீகரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த சுபார்த்தா மன்னர் அகெசிலாசு தாயகம் திரும்ப நேர்ந்தது. பாரசீகப் பொன், அவருக்கு எதிராகப் பிற கிரேக்க நகரங்களைத் தூண்டிவிட்டிருந்தது. பாரசீக அரசரின் வில்லாளர்களே தம்மை ஆசியாவிலிருந்து விரட்டினர் என்று அவர் கசப்போடு நகைத்ததாகப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். அவர் குறித்தது களத்தில் நின்ற வீரரை அன்று. காசில் நின்ற வீரரை.

இப்பேரரசை மகா அலெக்சாந்தர் வீழ்த்தினார். கி.மு. 331-இல் அவர் சூசா நகரத்தில் புகுந்தபோது, ஏறத்தாழ 50,000 தாலந்து வெள்ளி கிடைத்ததென அரியன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோகிராம். பாரசீகக் கருவூலங்களின் வெள்ளி பெருமளவு உருக்கப்பட்டு, அலெக்சாந்தரின் காசாக மறுபிறவி எடுத்தது. இன்று எஞ்சியுள்ள வில்லாளர் காசு ஒவ்வொன்றும் அவ்வுலைக்குத் தப்பியது எனலாம்.

பெயரை மறைத்த பார்த்தியர்

அலெக்சாந்தருக்குப்பின் ஈரானை ஆண்ட கிரேக்க மரபினரை அகற்றி எழுந்தவர்கள் பார்த்தியர். கி.மு. 247 அளவில் அர்சாசு என்பவர் தொடங்கிய இம்மரபு, கி.பி. 224 வரை, நானூற்றெழுபது ஆண்டுகள் நிலைத்தது. கி.மு. 53-இல் காரே போர்க்களத்தில் உரோமத் தளபதி கிராசுசு பார்த்தியர் படையிடம் தோற்று உயிரிழந்தார். அதுமுதல் உரோமர் பார்த்தியரை அஞ்சத்தக்க பகைவராகக் கருதினர்.

பார்த்தியரின் வெள்ளிக்காசு ‘திராக்மா’. அதன் எடை ஏறத்தாழ நான்கு கிராம். தலைப்பக்கத்தில் தாடியும் தலைப்பட்டையும் கொண்ட அரசர். பின்பக்கத்தில் நாடோடி வீரர் உடையில் அமர்ந்து வில்லை ஏந்திய ஒருவர். அவரைச் சுற்றிலும் கிரேக்க எழுத்துகள். வில் மீண்டும் காசில் இடம்பெற்றதை மாணவர் கருதிப்பார்த்தல் வேண்டும். ஆட்சி மாறினும், ‘வில்லேந்தியவரே வேந்தர்’ என்னும் எண்ணம் மாறவில்லை.

பார்த்தியக் காசுகளைத் திரட்டுவோர்க்குப் பெருந்தலைவலி ஒன்றுண்டு. அம்மரபில் வந்த அரசர்களுள் பெரும்பாலோர் காசில் தம் இயற்பெயரைக் குறிக்கவில்லை. அனைவரும் முதல்வரின் பெயரையே ஏற்று, ‘அரசர் அர்சாசு’ என்றே பொறித்தனர். பாண்டியருள் பலர் மாறவர்மன் என்றும் சடையவர்மன் என்றும் மாறிமாறிப் பட்டம் சூடியதால் கல்வெட்டு ஆய்வாளர் படும் இடர் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அதனினும் பெரிய இடர் இது. முகத்தின் சாயல், தாடியின் வடிவு, முடியின் அமைப்பு, எழுத்தின் நடை ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் அரசர்களை வேறுபடுத்துகின்றனர். செலூசியா நகரில் அடிக்கப்பெற்ற நான்கு திராக்மாக் காசுகளில் ஆண்டும் மாதமும் குறிக்கப்பட்டுள்ளமை இம்முயற்சிக்குத் துணைபுரிகிறது. ஆங்கில ஆய்வாளர் தேவிட் செல்வுட் 1971-இல் வெளியிட்டு, 1980-இல் திருத்தி விரிவாக்கிய நூல், இக்காசுகளை வகைப்படுத்துவோர்க்கு வழிகாட்டியாக விளங்குகிறது.

இம்மரபின் காசுகளுள் ஒன்று வியப்புக்குரியது. உரோமப் பேரரசர் அகத்தசு, நான்காம் பிராத்தசு மன்னருக்கு மூசா என்னும் அடிமைப் பெண்ணைப் பரிசாக அனுப்பினார். அவள் அரசியாக உயர்ந்தாள். அவளும் அவள் மகனும் சேர்ந்து மன்னரைக் கொன்று அரியணை ஏறியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபசு கூறுகிறார். கி.மு. 2 முதல் கி.பி. 4 வரை நீடித்த அவ்வாட்சியில் வெளிவந்த காசின் ஒருபுறம் மகனின் முகம் உள்ளது. மறுபுறம், மணிமுடி அணிந்த மூசாவின் முகம். அயல்நாட்டிலிருந்து அடிமையாக வந்த பெண்ணொருத்தி, வில்லாளர் வீற்றிருந்த இடத்தையே பிடித்துவிட்டாள். யோசேபசின் கூற்று முழுதும் உண்மையோ அன்றோ, அவள் அடைந்த உயர்வு உண்மை என்பதற்குக் காசு சான்றாகிறது.

முடியும் திருவும்

கி.பி. 224-இல் பார்ஸ் மாநிலத்துச் சிற்றரசர் அர்தஷீர், பார்த்தியரின் இறுதிப் பேரரசரைப் போரில் கொன்று, சாசானிய மரபை நிறுவினார். அன்று முதல் 651 வரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆண்ட இம்மரபினரின் வெள்ளிக்காசு, பண்டைய உலகின் அழகிய காசுகளுள் வைத்து எண்ணத்தக்கது. எடை முன்போலவே ஏறத்தாழ நான்கு கிராம்தான். ஆனால், காசோ அகன்று மெலிந்தது. ஒருபுறம் அடித்த உருவின் நிழல் மறுபுறம் தெரியுமளவு மெல்லியது.

கிரேக்க எழுத்து மறைந்து, பாரசீகருக்குரிய பகலவி எழுத்து காசில் ஏறியது. மஸ்தாவை வழிபடுபவர், ஈரானின் மன்னர் மன்னர், இறைவழியில் வந்தவர் என்னும் பொருள்பட அர்தஷீர் தம்மைக் குறித்துக்கொண்டார். பின்பக்கத்தில் அமர்ந்த வில்லாளர் மறைந்தார். அவ்விடத்தில் தீ வளர்க்கும் பீடம் தோன்றியது. ஒவ்வோர் அரசரும் பட்டமேற்கும்போது தம் பெயரால் ஒரு தீயை ஏற்றுவித்தார். அத்தீயின் பெயரே காசிலும் பொறிக்கப்பட்டது. சரதுஸ்திர நெறியும் அரசும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காசின் இருபுறமும் சேர்ந்து உணர்த்தின.

சாசானியக் காசின் தனிச்சிறப்பு அரசரின் முடியாகும். இறைவன் அருளும் ஒளி ஒன்று அரசரைச் சூழ்ந்து நிற்கிறது என்பது பாரசீகர் நம்பிக்கை. ‘குவர்ரா’ என்று அவர்கள் வழங்கிய அவ்வொளி, தமிழில் ‘திரு’ என்னும் சொல் உணர்த்தும் பொருளுக்கு அணுக்கமானது. ஒவ்வோர் அரசரும் தமக்கென ஒரு முடியைப் புனைந்துகொண்டார். ஷாப்பூரின் முடி கோட்டை மதில்போல் அமைந்தது. பஹ்ராமின் முடி கதிர் வீசியது. இரண்டாம் பஹ்ராமின் முடியில் சிறகுகள் விரிந்தன. எழுத்துத் தேய்ந்து பெயர் படிக்க இயலாத காசையும், முடியைக் கொண்டு இன்னாருடையது எனத் துணியலாம். பிஷாப்பூர்ப் பாறையின் உண்மை வெளிப்பட்டதும் இவ்வாறே.

மூன்று முடி சூடிய பெரோஸ்

அரசரின் திரு முடியில் உறையுமாயின், முடியிழந்த அரசரின் நிலை யாது? கி.பி. 459 முதல் 484 வரை ஆண்ட பெரோஸ் மன்னரின் காசுகள் இவ்வினாவை எழுப்புகின்றன. கிழக்கெல்லையில் எப்தலியர் எனப்படும் வெண்ஹூணரோடு போரிட்டு, அவர்களிடம் சிறைப்பட்டார் பெரோஸ். முப்பது கோவேறு கழுதைகள் சுமக்கும் வெள்ளிக்காசுகளை மீட்புப் பொருளாகத் தர ஒப்பினாரென்றும், கருவூலத்தில் இருபது சுமையே திரட்ட முடிந்ததால் தம் மகன் கவாதைப் பிணையாக விட்டுவந்தாரென்றும் சிரிய மொழி வரலாற்று நூலொன்று கூறுகிறது. பெரோசின் காசுகளை வரிசைப்படுத்தினால், அவர் முடி இருமுறை மாறி, மூன்று வேறு வடிவங்களில் தோன்றுவதைக் காணலாம். தோற்றுத் திரு இழந்த மன்னர், மீண்டும் முடி புனைந்து தம் அரசைப் புதுப்பிக்க முயன்றதன் தடமே இது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 484-இல் அவர் மீண்டும் எப்தலியர் மீது படையெடுத்துக் களத்திலேயே மாண்டார்.

மன்னர் மாண்டார், அவர் காசோ நெடும்பயணம் மேற்கொண்டது. மீட்புப் பொருளாகவும் திறையாகவும் எப்தலியரிடம் குவிந்த பெரோசின் காசுகளை அவர்கள் முத்திரையிட்டு வழங்கினர். அவற்றைப்போலத் தாமும் அடித்தனர். அவ்வழியே அவை இந்தியாவின் வடமேற்கே புகுந்தன. குசராத்திலும் இராசபுத்தானத்திலும் இருந்தோர் அவற்றைப் பார்த்துத் தாமும் காசு அடித்தனர். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டதால், தலைமுறை தோறும் உருவம் சிதைந்தது. அரசர் முகம் கோடுகளாயிற்று, தீப்பீடம் புள்ளிகளாயிற்று. ‘கதையா’ எனப்படும் இக்காசுகள், பெரோஸ் மறைந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் புழக்கத்தில் இருந்தன. அவற்றைக் கையாண்ட வணிகருள் எவரும் பெரோஸ் என்னும் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார். கிழக்கே சீனத்தின் துருப்பான் பகுதியிலோ, இறந்தோரின் வாயில் சாசானியக் காசை இட்டுப் புதைத்திருப்பதை அகழாய்வாளர் கண்டனர்.

எனினும், காசு கூறுவதனைத்தும் மெய்யெனக் கொள்ளுதல் தகாது. பெரோசின் மகன் கவாது 488-இல் அரியணை ஏறி, 496-இல் பெருங்குடியினரால் நீக்கப்பட்டுச் சிறைப்பட்டார். அவர் உடன்பிறந்தார் சாமாஸ்ப் மன்னரானார். சிறையிலிருந்து தப்பிய கவாது, எப்தலியர் படைத்துணையோடு மீண்டுவந்து ஆட்சியைக் கைப்பற்றினார். இரண்டாம் முறை ஆண்டபோது தம் காசில் ஆட்சியாண்டைக் குறித்தார். அந்த எண்ணிக்கை, இடையில் ஆட்சி இழந்த ஆண்டுகளையும் தமக்கே சேர்த்து, பதினொன்றிலிருந்து நடக்கிறது. கவாதின் காசை மட்டும் பார்ப்பவர், அவர் இடையறாது ஆண்டார் என்றே எண்ணுவார். ஆனால், சாமாஸ்ப்பின் பெயரும் ஆண்டும் தாங்கிய காசுகள் மறையவில்லை. ஒரு காசு மறைத்ததை மற்றொரு காசு வெளியிட்டது. ஆகவேதான் ஒன்றிரண்டு காசுகளைக் கொண்டு வரலாறு எழுதலாகாது. தொகுப்பாகத் திரட்டி, ஒன்றோடொன்று வைத்து நோக்குதல் வேண்டும்.

அந்திக் காலம்

இரண்டாம் குஸ்ரூ 590 முதல் 628 வரை ஆண்டார். சிறகு விரித்த முடியோடு அவர் வெளியிட்ட வெள்ளிக்காசுகள் இன்றும் பெருந்தொகையாகக் கிடைக்கின்றன. பைசாந்தியரோடு 602 முதல் 628 வரை நடந்த பெரும்போருக்கு வேண்டிய வெள்ளியை அவர்தம் அக்கசாலைகள் அடித்துத் தள்ளின. மிகுதியான காசு வலிமைக்கு அடையாளம் என்று கருதுவோர், அதன் பின்னர் நிகழ்ந்ததை நோக்க வேண்டும். 628-இல் குஸ்ரூ தம் மகனின் ஆட்கள் கையாலேயே கொலையுண்டார். அடுத்த நான்கே ஆண்டுகளில் அரியணை பலர் கைமாறியது.

அவர்களுள் இருவர் பெண்கள். இருவரும் குஸ்ரூவின் மக்கள். மூத்தவர் போரான், பின்னிய கூந்தலும் மணிமுடியுமாகக் காசில் தோன்றுகிறார். பின்னர் ஆட்சிபுரிந்த ஆசர்மிதுக்து என்னும் தங்கையின் பெயர் பொறித்த காசிலோ, தாடி வளர்ந்த ஆண்முகம் உள்ளது! அது தந்தையின் முகமாகலாம் என்று கூறுவோர் உண்டு. புதிய அச்சு வெட்டவும் அவகாசமில்லாத நாட்டின் நிலையை அக்காசு உணர்த்துகிறது என்றும் கொள்ளலாம். 632-இல் பட்டமேற்ற மூன்றாம் யஸ்தகிர்து, அரபுப் படைகளுக்கு முன் ஊர் ஊராகப் பின்வாங்கி, 651-இல் மெர்வ் நகருக்கு அருகே கொல்லப்பட்டார். சாசானிய மரபு முடிவுற்றது.

மரபு முடிந்தும் காசு முடியவில்லை. வென்ற அரபியர், சைரசைப் போலவே, தோற்றவரின் காசை விட்டுவைத்தனர். குஸ்ரூவின் முகமும் தீப்பீடமும் அப்படியே நிற்க, ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ என்னும் அரபுச் சொல் மட்டும் சேர்ந்தது. ஆளுநர் பெயர்கள் பகலவி எழுத்தில் பொறிக்கப்பட்டன. 698 அளவில் கலீபா அப்துல் மாலிக் உருவமற்ற, எழுத்து மட்டுமே கொண்ட வெள்ளிக்காசை வெளியிட்ட பின்னரே அவ்வழக்கம் படிப்படியாக மறைந்தது. காஸ்பியன் கடற்கரையோரத் தபரிஸ்தானில் எட்டாம் நூற்றாண்டின் இறுதிவரையிலும் சிறகு முடியும் தீப்பீடமும் காசில் வாழ்ந்தன. கிரேக்கரின் ‘திராக்மே’ பாரசீகர் நாவில் திரிந்து, அரபியரிடம் ‘திர்ஹம்’ ஆயிற்று. வடமொழியில் ‘திரம்மம்’ ஆயிற்று. மொரோக்கோ நாட்டிலும் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிலும் பணத்தின் பெயர் இன்றும் திர்ஹம்தான்.

திரட்டுவோர் கடமை

இக்காசுகளின் எழுத்தை உலகம் நெடுங்காலம் படிக்க அறியாதிருந்தது. பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்தர் தெ சாசி, கிரேக்க மொழியும் உடன் பொறிக்கப்பட்ட பாறைக் கல்வெட்டுகளைத் துணைக்கொண்டு பகலவி எழுத்தைப் படித்தார். அவ்வறிவைக் கொண்டு காசுகளையும் படித்தார். அவருடைய நூல் 1793-இல் வெளிவந்தது. பின்னாளில், பம்பாயைச் சேர்ந்த பார்சி அறிஞர் பர்தூன்ஜி பாரக், சாசானியக் காசுகளைப் பற்றிய பெருநூலை 1924-இல் வெளியிட்டார். ஈரானைவிட்டு நீங்கிய சரதுஸ்திர நெறியினரின் வழித்தோன்றல் ஒருவர், முன்னோரின் வேந்தர்களை வெள்ளிக் காசுகளில் கண்டு வரிசைப்படுத்தியது எண்ணி மகிழத்தக்கது.

திரட்டுவோரால் விளைந்த நன்மை இது. அவர்களால் விளையக்கூடிய தீமையும் உண்டு. 1877-க்கும் 1880-க்கும் இடையே ஆக்சஸ் ஆற்றங்கரையில் அக்கிமெனியர் காலப் பொன், வெள்ளிப் பொருள்கள் அடங்கிய புதையல் கிடைத்தது. அதனோடு ஏறத்தாழ 1,500 காசுகளும் இருந்தன என்று கூறப்பட்டது. வணிகர் கைகளில் அவை பிரிந்து சிதறின. பொருள்களுள் பல இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. காசுகளோ பலர் தொகுப்புகளில் கலந்தன. எந்தக் காசு எந்தப் பொருளோடு இருந்தது, உண்மையிலேயே அனைத்தும் ஓரிடத்தவைதாமா என்பதை உறுதியாகக் கூற இன்று வழியில்லை. அபதானாவின் கற்பேழையில் இருந்த சில காசுகள் ஒரு பேரரசின் காசு வரலாற்றுக்கே காலம் காட்டின. ஆக்சஸ் கரையின் ஆயிரத்துக்கு மேற்பட்ட காசுகளோ, இடமறியாமல் போனதால் பாதி ஊமையாயின. காசின் வெள்ளி இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு, எடுத்த கைகளின் பொறுப்பில் இருந்தது.

ஆதலின், காசு திரட்டும் விருப்பம் உடைய மாணவர்க்கு ஆசிரியர்கள் முதலில் கற்பிக்க வேண்டியவை சில உள. காசு எங்கிருந்து, யார் கைவழியாக வந்தது என்பதை எழுதி வைத்தல் முதற்கடமை. அதனைக் கூற மறுப்பவரிடம் வாங்காதிருத்தல் இரண்டாவது. பண்பாட்டுச் செல்வங்கள் களவாடப்பட்டு நாடுவிட்டு நாடு கடத்தப்படுவதைத் தடுக்க 1970-இல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கையை வகுத்ததையும் மாணவர் அறிதல் நலம். கருத்த வெள்ளியைப் புளி தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்குதல் மூன்றாவது. பளபளப்போடு, மெல்லிய எழுத்தும் பழைமையின் அடையாளமும் தேய்ந்துபோம். போலியை அறிதல் நான்காவது. பழங்காசு அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டது. போலிகளுள் பல அச்சில் வார்க்கப்படுவதால், மேற்பரப்பில் நுண்குமிழ்களும் விளிம்பில் இணைப்புக் கோடும் காட்டும். கண்ணால் நோக்கி, எடையிட்டு, நூலோடு ஒப்பிட்டு, அறிந்தவரை வினவித் தெளிதல் வேண்டும். பண்டை வணிகர் சிக்லோஸ் காசை வெட்டிப் பார்த்தனர். இன்றைய மாணவர் வெட்டாமல் பார்க்கக் கற்க வேண்டும்.

பணம் கொடுத்து ஒரு காசும் வாங்க இயலாத மாணவரும் இக்கல்வியில் பின்தங்க வேண்டுவதில்லை. அருங்காட்சியகங்கள் தம் காசுகளின் படங்களைப் பலரும் காண வெளியிட்டுள்ளன. அப்படங்களில் ஷாப்பூர், பெரோஸ், குஸ்ரூ ஆகிய மூவரின் முடிகளை வரைந்து, பெயரை மறைத்து, இவர் யாரென வகுப்பில் வினவலாம். விடை கூறும் மாணவர், ஆண்டுகளை மனப்பாடம் செய்பவர் நிலையிலிருந்து, சான்றை ஆய்பவர் நிலைக்கு உயர்கிறார். நர்சே பொறித்த எழுத்தை நம்பாமல் முடியை உற்றுநோக்கிய கண்ணே வரலாற்று மாணவர்க்கு வேண்டிய கண். அக்கண்ணை மாணவரிடம் திறந்துவிடும் ஆசிரியர், வெள்ளிக் காசு ஒன்றும் தம்மிடம் இல்லையாயினும், பாரசீகக் கருவூலத்தின் திறவுகோலை அவர் கையில் கொடுத்தவராவார்.